பசுவின் துயரம்

குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளைப் பற்றிக் கவலைப்படாத பெற்றோர் இன்று குறைவு. ஆனால் அந்தக் கவலை பெரும்பாலும் சில்லறை விஷயங்களோடு நின்றுவிடுகிறது. காக்கை வடையைத் திருடலாமா, நரி அதை ஏமாற்றியதைக் குழந்தை கெட்டிக்காரத்தனமாக எடுத்துக்கொண்டுவிடாதா, சிற்றன்னைகள் எல்லோரும் கெட்டவர்கள்தானா என்கிற மாதிரியான கேள்விகள். இவை அசட்டுக் கேள்விகள் அல்ல. ஆனால் இவற்றைக் கேட்கிற அதே வீட்டுக்குள், தந்தை மகனைத் தேர்க்காலில் இட்டுக் கொல்கிற கதை, நீதிக்கதை என்ற பெயரில் எந்தச் சோதனையுமில்லாமல் வந்துவிடுகிறது. தாய் பிடித்துக்கொள்ளத் தந்தை பிள்ளையை அரிந்து கறி சமைக்கிற கதை பக்திக்கதை என்று வருகிறது. புலைப்பாடியில் பிறந்தவன் தீயில் இறங்கித் தூய்மை பெறுகிற கதை முக்திக்கதை என்று வருகிறது. வடை போனதற்குக் கவலைப்படுகிற நாம் பிள்ளை போனதற்குக் கவலைப்படுவதில்லை.

நான் இருப்பது மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடையில். இந்தக் கதைகள் ஏட்டிலிருந்து இறங்கிப் பள்ளிப் பிள்ளையின் பாடமாக மாறிய சரித்திரத்தில் ஒரு பெரும்பகுதி, இந்த ஊரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிவிடக் கூடிய இடங்களில் நடந்தது: சிதம்பரம், வடலூர், மஞ்சக்குப்பம், இந்த ஊரே கூட. அதனால் இந்த விஷயத்தை உபதேசமாக அல்லாமல் சரித்திரமாகப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் மனுநீதிச் சோழன். இவனைப் போலத் தமிழ்நாட்டில் அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்ற கதாபாத்திரம் வேறில்லை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது. திருவாரூரில் கல்தேர் இருக்கிறது. மாவட்ட ஆட்சித்தலைவர் ஜனங்களிடம் மனு வாங்குகிற முகாமுக்கே மனுநீதி நாள் என்று பெயர். பள்ளிப் பாடப் புத்தகத்தில் அவன் பலமுறை வந்திருக்கிறான். எல்லா இடத்திலும் கதையின் சாரம் ஒன்றுதான்: தவறு செய்தவன் மகனே ஆனாலும் தண்டித்தான்.

என் மகனுக்கு எட்டு வயதில் இந்தக் கதை பாடமாக வந்தபோது அவன் கேட்டது இரண்டு கேள்விகள். "அவன் பாக்காமத்தானே ஏத்தினான்?" என்பது ஒன்று. "நீ ஏத்துவியாப்பா?" என்பது மற்றொன்று. முதல் கேள்வி சட்டத்தைப் பற்றியது. எந்த வழக்கறிஞரும் கேட்டிருக்கக் கூடியது. இரண்டாவது கேள்வி சட்டத்தைப் பற்றியதல்ல. தான் எந்த மாதிரியான வீட்டில் தூங்கப்போகிறோம் என்று ஒரு குழந்தை விசாரித்துத் தெரிந்துகொள்கிற கேள்வி. பாடத்தின் கடைசியில் அச்சிட்டிருந்த வினாக்களில் இவை இரண்டுமே இல்லை.

முதல் கேள்விக்கு விடை தேடப் போனால் கதையின் பூர்வீகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் முன்னால் நின்று கண்ணகி தன் ஊரின் பெருமையாகச் சொல்கிற செய்திகளில் இது ஒன்று. அங்கே இது சில அடிகளோடு முடிந்துபோகிறது. இலங்கையின் மகாவம்சம் இதை அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. கன்றைக் கொன்ற அதே தேர்ச் சக்கரத்தால் மகன் தலை அறுபடுகிறது, அவன் உயிர்த்தெழுவதில்லை. மாற்று மதத்தவனான ஓர் அரசனின் நடுநிலைமையைப் பௌத்தத் துறவிகள் மெச்சுகிற இடம் அது. திருவாரூரில் விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் இந்தக் கதையைச் சொல்கிறது. அதற்குப் பிறகு, 12-ம் நூற்றாண்டிலேயே, சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்தில் திருவாரூர் நகரத்தின் சிறப்பாக இதை விரித்துப் பாடினார். அரங்கேற்றம் சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபத்தில் நடந்தது என்பது மரபு. மேற்சொன்ன இடங்களில் எங்கேயும் இது குழந்தைகளுக்கான கதை அல்ல. கண்ணகி ஓர் அரசனிடம் சொன்னாள், துறவிகள் துறவிகளுக்கு எழுதிவைத்தார்கள், சேக்கிழார் சோழனின் சபைக்குப் பாடினார். கேட்டவர்கள் எல்லோரும் அதிகாரம் படைத்தவர்கள், அல்லது வயது வந்தவர்கள்.

சேக்கிழாரில் நடப்பது என்ன? கன்று யாரும் எதிர்பாராமல் தேரின் குறுக்கே பாய்கிறது. இளவரசன் தெரிந்து செய்யவில்லை. செய்ததை அறிந்ததும் அவனே கலங்கிப்போய்ப் பிராயச்சித்தம் தேடி அந்தணரிடம் போகிறான். அதற்குள் பசு மணியை அசைத்துவிடுகிறது. மந்திரிகளும் பிராயச்சித்தத்தையே சொல்கிறார்கள். அரசன் ஒப்பவில்லை. அவன் சொல்கிற காரணங்களைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு. வேறொருவன் கொலை செய்தால் அவனைக் கொல்லச் சொல்கிற நான், என் மகனுக்கு மட்டும் வேறு விதி வைக்கலாமா என்பது ஒன்று. இது நாம் எல்லோரும் அறிந்த காரணம். மற்றது: இந்தப் பசுவின் துயரத்தை என்னால் நீக்க முடியாது, ஆகையால் அது படுகிற துயரத்தை நானும் படுவதே நான் செய்யக்கூடியது.

இவ்விரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் மகன் குற்றவாளி, தந்தை நீதிபதி. இரண்டாவதில் தந்தையே கட்சிக்காரன். பிள்ளையை இழந்த ஒரு தாய்க்கு எதிரில், இழக்காதவனாக நிற்கக் கூசுகிற மனிதன். என் மகனின் கேள்வி முதல் காரணத்தைச் சாய்த்துவிடுகிறது. பார்க்காமல் நேர்ந்ததற்குக் கொலைத் தண்டனை எந்த நீதியிலும் சேராது. இரண்டாவது காரணத்தை அந்தக் கேள்வி தொடுவதில்லை. அங்கே பேச்சு தண்டனையைப் பற்றியே அல்ல.

இரண்டாவது காரணத்திலும் ஒரு கோணல் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. துயரத்தைத் தாங்கப்போகிறவன் அரசன், உயிரைக் கொடுக்கப்போகிறவன் மகன். சேக்கிழாருக்கு இது தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். தேரைச் செலுத்தும்படி ஆணையிடப்பட்ட மந்திரி அதைச் செய்யாமல் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அரச கட்டளையை மீறுவதற்கு அவனுக்கு இருந்த ஒரே வழி அது. கடைசியில் இறைவன் தோன்றிக் கன்று, இளவரசன், மந்திரி மூவரையும் எழுப்ப வேண்டியிருக்கிறது. செத்தவர்களை எழுப்பினாலொழியக் கதை தன் பாரத்தைத் தாங்காது என்று கவிக்குத் தெரிந்திருக்கிறது. நம் பாடப் புத்தக வடிவத்தில் முதலில் உதிர்ந்துபோகிறவன் அந்த மந்திரி. அடுத்து உதிர்வது அரசனின் இரண்டாவது காரணம். மிஞ்சுவது தேரும் சக்கரமும் ஒரு கண்டிப்பான தகப்பனும்.

இந்த உதிர்வு எப்போது நடந்தது? ஒரு தேதியைக் குறிக்க முடியாது. ஆனால் ஒரு காலகட்டத்தைக் காட்ட முடியும். ஆறுமுக நாவலரின் பெரியபுராண வசனம் 1852-ல் அச்சாயிற்று. 1854-ல் இராமலிங்கர் மனுமுறை கண்ட வாசகத்தை எழுதினார். செய்யுளில் புலவரிடம் பாடம் கேட்டால்தான் கிடைக்கும் என்றிருந்த கதைகள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாருக்கும் கிடைக்கும் என்று ஆனது இந்த இரண்டு மூன்று வருஷங்களில்தான். இது சாதாரண மாற்றம் அல்ல. தமிழ் உரைநடையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். நியாயம்தான். ஆனால் வசனம் வந்தபோது கதையைக் கேட்கிறவனும் மாறிப்போனான் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையன் இப்போதுதான் முதன்முறையாக இந்தக் கதைகளுக்கு எதிரில் வருகிறான்.

நாவலர் அந்தப் பையனை மனதில் வைத்தே எழுதினார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் பல வருஷங்கள் வேலை செய்தவர் அவர். பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் சேர்ந்தால் ஒரு மதத்துக்கு என்ன பலம் வரும் என்று கிட்டத்திலிருந்து பார்த்தவர். 1848-ல் வண்ணார்பண்ணையிலும் 1864-ல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். பாலபாடங்கள் எழுதினார். சைவ வினாவிடை எழுதினார். பெரியபுராணத்துக்கு எழுதிய சூசனத்தில், ஒவ்வொரு கதையும் எந்தச் சித்தாந்தத்தை நிறுவுகிறது என்று பிரித்துக் காட்டினார். பாதிரிமார் புராணங்களை ஆபாசமென்று தூற்றிக்கொண்டிருந்த காலத்தில் இது ஓர் அரண். அதன் தேவையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு கதைக்கு ஒரு கருத்து, ஒரு வினாவுக்கு ஒரு விடை என்கிற பழக்கம் அந்த அரணோடு சேர்ந்தே வந்தது. அதில் மந்திரியின் தற்கொலைக்கு இடமில்லை.

இராமலிங்கரின் வாசகம் வேறு ஜாதியைச் சேர்ந்தது. சிதம்பரத்துக்கு வடக்கே மருதூரில் 1823-ல் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனாரை இழந்தவர் அவர். புராணத்தில் ஒரு பகுதிக்குள் அடங்கிய கதையை எடுத்துத் தனி நூலாக விரித்தபோது, அவர் அதிகம் விரித்தது தந்தையின் கலக்கத்தை. இன்ன பாவம் செய்தேனோ, இன்ன கொடுமை செய்தேனோ என்று அரசன் தன்னைத்தானே அடுக்கடுக்காகக் கேட்டுக்கொள்கிற நீண்ட புலம்பல் ஒன்று அதில் வருகிறது. சிறிதும் பெரிதுமான எல்லாக் குற்றங்களையும் தன் தலைமேல் ஏற்றிப் பார்த்துக்கொள்கிறான் அவன். மகனின் குற்றத்தை விசாரிப்பதற்கு முன்னால் தன்னை விசாரித்துக்கொள்கிற ஒரு தகப்பன். சேக்கிழாரிடம் வித்தாக இருந்த அந்த இரண்டாவது காரணம் இங்கே மரமாகிவிட்டது.

அந்தப் புலம்பலுக்குப் பின்னால் நேர்ந்த கதியைப் பாருங்கள். இன்று அது தனித் துண்டுப் பிரசுரமாக, சுவரில் எழுதி மாட்டுகிற பலகையாக, வள்ளலார் சொன்ன பாவங்கள் என்ற பட்டியலாகக் கிடைக்கிறது. அழுதவன் போய்விட்டான், பட்டியல் நிற்கிறது. நூலுக்குள் ஒரு தந்தை தன்னைப் பார்த்துக் கேட்டவை, வெளியே வந்ததும் மற்றவர்களைப் பார்த்து விரல் நீட்டுகின்றன. துயரத்தை நீதியாக்குவது என்று நான் சொல்ல வந்ததற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது.

இந்த இருவரும் 1860-களின் கடைசியில் எதிரெதிர்க் கட்சிகளில் நின்றது எல்லோரும் அறிந்தது. இராமலிங்கரின் பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா என்று கிளம்பிய சண்டை 1869-ல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போயிற்று. அந்தச் சண்டையைப் பற்றி எழுதியவர்கள் அருளா மருளா என்ற கேள்வியோடு நின்றார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. குழந்தைகளின் கைக்குப் பழங்கதை போய்ச் சேர்ந்த இரண்டு பாதைகள் அந்த நீதிமன்றத்தில் ஒன்றையொன்று சந்தித்தன. ஒன்று வித்தியாசாலையின் பாதை. மற்றது, 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கிப் பசித்தவனுக்குச் சோறு போட்டவரின் பாதை. கதை சொல்கிற முறையில் ஜெயித்தது வித்தியாசாலையின் பாதை. நம் பாடப் புத்தகங்கள், சைவமானாலும் சர்க்காரானாலும், அதன் வாரிசுகள்.

இந்த ஊரில் அதே பத்தாண்டில் மூன்றாவது பள்ளிக்கூடக் கதை ஒன்றும் வந்து சேர்ந்தது. லைப்சிக் மிஷன் சாதி வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கிறது என்று அதோடு முரண்பட்டு விலகிய கார்ல் ஓக்ஸ் என்ற பாதிரியார், 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனி மிஷன் ஏற்படுத்தினார். பிறகு டென்மார்க்கின் மிஷன் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அது. மிஷன் போகிற இடமெல்லாம் கூடப் போகிற கதைகளில் ஆபிரகாம் ஈசாக்கு கதையும் ஒன்று. மகனைப் பலிகொடுக்க மலைக்கு அழைத்துப் போகிற இன்னொரு தகப்பன். ஆக ஒரு பக்கத்துக் குழந்தைகளுக்குச் சீராளன், இன்னொரு பக்கத்துக் குழந்தைகளுக்கு ஈசாக்கு. கத்தி ஒன்றுதான்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. மலை ஏறும்போது ஈசாக்கு கேட்கிறான்: நெருப்பும் விறகும் இருக்கிறதே, பலிக்கு ஆடு எங்கே என்று. தகப்பனின் பதில் மழுப்பல். ஆனாலும் குழந்தை கேட்டது கதைக்குள் பதிவாகிவிட்டது. மனுநீதிச் சோழனின் மகனுக்கு, நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிற வடிவத்தில், வாயில்லை. சிறுத்தொண்டரின் மகன் சிரிக்கிறான். அப்பா அம்மா முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்துத் தானும் சந்தோஷப்படுகிறான். தமிழில் இதைவிடப் பயங்கரமான ஒரு சிரிப்பை நான் படித்ததில்லை.

சிறுத்தொண்டர் கதையில் வருகிற நிபந்தனையை நினைத்துப் பாருங்கள். பைரவக் கோலத்தில் வந்த சிவன் கேட்பது பிள்ளைக்கறி மட்டுமல்ல. ஐந்து வயசுப் பிள்ளையாக, ஒரு குடிக்கு ஒரே மகனாக இருக்க வேண்டும். தாய் பிடிக்கத் தந்தை அரிய வேண்டும். அப்போது இருவர் மனமும் உவந்திருக்க வேண்டும். மனுநீதிச் சோழன் கதையின் மையம் துயரத்தில் பங்குகொள்வது என்றால், இந்தக் கதையின் மையம் துயரமே கூடாது என்பது. வாதாபியை அழித்துத் திரும்பிய தளபதியைப் பற்றிய கதை இது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அதன் பொருளைப் பற்றிச் சித்தாந்திகள் சொல்வதை நான் மறுக்க வரவில்லை. பந்தத்தை அறுப்பது என்று அதற்கு ஓர் அர்த்தம் இருக்கலாம். அந்த அர்த்தம் பந்தம் என்றால் என்னவென்று வாழ்ந்து பார்த்தவனுக்கு. பந்தத்தைத் தவிர வேறொன்றுமே கையில் இல்லாத ஐந்து வயதுக்கு அல்ல.

மரபுக்குள்ளேயே இந்தக் கூச்சம் இருந்திருக்கிறது. பால்குரிகி சோமநாதர் தெலுங்கில் எழுதிய பசவ புராணத்தில், பிள்ளைக்கறி கேட்டதற்காகச் சிவனையே கண்டிக்கிற பக்தர் ஒருவர் வருகிறார். திருச்செங்காட்டங்குடியில் சித்திரை பரணியில் நடக்கிற அமுது படையல் விழாவில், குழந்தை வேண்டுகிற பெண்கள் வந்து பிரசாதம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். பிள்ளையைக் கொன்ற கதையை ஜனங்கள் பிள்ளை கேட்கிற சடங்காக மாற்றிவிட்டார்கள். பண்டிதர்கள் செய்யாத விமர்சனத்தை அந்தப் பெண்கள் செய்திருக்கிறார்கள் என்பேன்.

ஆபிரகாம் கதையைக் குழந்தைப் பிராயத்தில் கேட்டு வாழ்நாள் முழுதும் அதிலிருந்து மீளாத ஒருவனோடுதான் கீர்க்ககார்ட் தன் "அச்சமும் நடுக்கமும்" நூலைத் தொடங்குகிறார். அவரும் டென்மார்க்காரர். நூல் வந்தது 1843-ல். அதில் அவர் கதையை நான்கு விதமாகத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார். ஒன்றில் ஆபிரகாம் மகனைக் கீழே தள்ளி, இது கடவுளின் கட்டளையல்ல, நானே துஷ்டன் என்று நடிக்கிறான். பிள்ளைக்கு அப்பாமேல் நம்பிக்கை போனாலும் போகட்டும், கடவுள்மேல் போக வேண்டாம் என்பதற்காக. அதன் கீழேயே, பால் மறக்கடிக்க மார்பில் கரி பூசிக்கொள்கிற தாயின் படிமத்தை வைக்கிறார். நம் பெண்கள் வேப்பெண்ணெய் தடவிக்கொள்வதுதான் அது. வேப்பெண்ணெய் தடவிக்கொள்கிறவள் கசப்பைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறாள். பிள்ளைக்கு நன்மை செய்வதற்காகப் பிள்ளையின் கண்ணில் தான் கெட்டவளாகச் சம்மதிக்கிறாள். நம்முடைய நீதிக்கதைகளில் தந்தை ஒருநாளும் கெட்டவனாகச் சம்மதிப்பதில்லை. பிள்ளையைக் கொன்றும் நல்ல பேர் வாங்கிவிடுகிறான்.

மூன்றாவது கதை நந்தனுடையது. இதில் தகப்பன் இல்லை. ஆனால் பெற்றோர் கவலைப்பட இதைவிட நியாயமான இடம் வேறில்லை. தில்லைக்குள் போகவேண்டுமென்றால் தீக்குள் போய்வர வேண்டும் என்ற ஒரு கதையை, அந்தச் சாதியில் பிறந்த ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு எந்த முகத்தோடு சொல்லுவான்? சேக்கிழாரில் நந்தனுக்குத் தன் பிறப்பே தடையாகி நிற்கும் வேதனை இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் ஒரு பண்ணையாரைப் படைத்து, நந்தன்மேல் அவர் சுமத்துகிற வேலைச் சுமையையும் சேர்த்தார். கேட்கிறவர் கண்ணில் நீர் வருகிறது. ஆனால் நான் முன்னே சொன்ன உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பசுவின் துயரத்தைத் தானும் பட்டாக வேண்டும் என்று நினைத்த அரசன் ஒருவன் அந்தக் கதையில் இருந்தான். நந்தனின் துயரத்தைத் தானும் பட வேண்டும் என்று நினைத்தவர் ஒருவரும் நந்தன் கதையில் இல்லை. மாட்டுக்குக் கிடைத்தது மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

கதைக்குள் இல்லாத அந்த ஆள் கதைக்கு வெளியிலிருந்து வந்தார். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து துறவியான சுவாமி சகஜானந்தா 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். நந்தனின் பெயரிலேயே பள்ளிக்கூடம், விடுதி. கதையை அவர் எரிக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை. நந்தனுக்குத் திறக்காத கதவுள்ள அதே ஊரில், அவன் பெயரால் வேறொரு கதவைத் திறந்துவைத்தார். எத்தனையோ பிள்ளைகள் அதன் வழியாக உள்ளே போனார்கள். ஒரு பழங்கதைக்கு ஒரு மூத்தவன் தரக்கூடிய பதில்களில் இதைவிடக் கம்பீரமானது எனக்குத் தெரிந்து இல்லை.

எரிக்க வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 1943-ல் அண்ணாதுரை ஒரு மேடையில் சேதுப்பிள்ளையோடும் இன்னொரு மேடையில் சோமசுந்தர பாரதியாரோடும் வாதாடினார். கம்பராமாயணத்தோடு பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்பது விஷயம். ஒரு பக்கம் இனமானம், மறுபக்கம் கலையின் மேன்மை. இரண்டும் பெரிய விஷயங்கள். ஆனால் கதையைக் கேட்கிற குழந்தையின் தரப்பு அந்த வாதத்தின் நடுவுக்கு வரவே இல்லை. இன்றும் நாம் அந்த இரண்டு மேடைகளில் ஏதோ ஒன்றின்மேல் நின்றுதான் பேசுகிறோம்.

குழந்தையின் தரப்பு என்று நான் சொல்வதைப் பிசகாகப் புரிந்துகொள்ளக் கூடாது. கதைகளிலிருந்து சாவையும் ரத்தத்தையும் துடைத்தெடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி அல்ல. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் அந்த வழியில் போய்ப் பார்த்தார்கள். 1812-ல் வெளியிட்ட முதல் தொகுதியில் குழந்தைகள் கசாப்புக்கடை விளையாட்டு விளையாடுகிற ஒரு கதை இருந்தது. 1819 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் கொடுமைக்காரத் தாய்மார்கள் சிலர் மாற்றாந்தாய்களாக மாறினார்கள். பயம் அதனால் குறையவில்லை. பழி மட்டும் இடம் மாறி, ஏதுமறியாத சிற்றன்னைகள் தலையில் விழுந்தது.

நம் தென்னார்க்காட்டுக் கூத்துக்காரர்கள் இதைவிட நன்றாக அறிந்தவர்கள். அரிச்சந்திரன் கூத்தில் பாம்பு கடித்துச் செத்த லோகிதாசனை மடியில் போட்டுக்கொண்டு சந்திரமதி அழுகிற அழுகை மயானத்தில் வெகுநேரம் நடக்கும். திரைக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்திருக்கிற குழந்தைகள் பாதித் தூக்கத்தில் அதைக் கேட்கின்றன. அவை கெட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. காந்தி சிறு வயதில் பார்த்த அரிச்சந்திர நாடகம் தன்னை எப்படிப் பிடித்து ஆட்டியது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வாய்மையே வெல்லும் என்ற வாக்கியம் அதைச் செய்திருக்காது. அந்த மயானம் செய்தது. குழந்தைகள் துயரத்தைத் தாங்குவார்கள். அவர்களால் தாங்க முடியாதது, துயரப்பட வேண்டிய இடத்தில் துயரப்படாமல் நிற்கிற பெரியவர்களை.

ஆகவே பெற்றோராக நாம் செய்யக்கூடியது, கதைகளைத் தடைசெய்வதும் அல்ல, இனிப்புத் தடவுவதும் அல்ல. உதிர்த்தவற்றைத் திரும்பச் சேர்க்கலாம். மனுநீதிச் சோழனைச் சொல்லும்போது அந்த மந்திரியைச் சொல்லலாம். பார்க்காமல்தான் ஏற்றினான் என்பதை ஒப்புக்கொள்ளலாம். பசுவின் துயரத்துக்கு எதிரில் ஒரு மனிதன் தவித்த தவிப்பைச் சொல்லி, அவன் கண்ட வழி சரிதானா என்று பிள்ளையையே கேட்கலாம். "நீ ஏத்துவியாப்பா" என்ற கேள்விக்கு, மாட்டேன் என்ற பதிலை யோசிக்காமல் சொல்லலாம். நீதி அதனால் கெட்டுவிடாது. சிறுத்தொண்டர் கதையைப் பிள்ளை வளர்ந்து தானே பெரியபுராணத்தைத் திறக்கிற நாளுக்கு விட்டுவைக்கலாம். எல்லாக் கதையும் எல்லா வயசுக்கும் என்று எந்த நூலும் சொல்லவில்லை.

அதே பெரியபுராணத்தில், மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே நடந்த கதை ஒன்றும் இருக்கிறது. பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் ஒரு வேளாளர் வீடு. தகப்பன் புகழனார் போய்விட்டார், தாய் மாதினியாரும் போய்விட்டார். அக்காள் திலகவதிக்கு நிச்சயமாகியிருந்த கலிப்பகையார் போரில் மாண்ட செய்தி வருகிறது. அவரோடு தன் உயிரையும் சேர்த்துவிடுவதென்று அவள் தீர்மானிக்கிறாள். தம்பி மருள்நீக்கி காலில் விழுந்து அழுகிறான். அப்பா அம்மா போன பிறகு உன்னைப் பார்த்துத்தான் உயிர் வைத்திருக்கிறேன், நீ போனால் உனக்கு முன்னால் நான் போவேன் என்கிறான். அவள் தீர்மானத்தை மாற்றிக்கொள்கிறாள். தம்பிக்காக உயிரோடு இருக்கிறாள். அந்தத் தம்பிதான் பின்னாளில் அப்பர்.

ஒரு குழந்தை கேட்டதைக் கேட்டு ஒரு மூத்தவள் தன் முடிவை மாற்றிக்கொண்ட கதை இது. கன்று சாகவில்லை, தேர் இல்லை, இறைவன் வந்து யாரையும் எழுப்ப வேண்டிய அவசியமும் நேரவில்லை. இதற்குச் சிலை வைத்தவர்களும் இல்லை, இதன் பெயரால் அரசாங்க முகாம் நடத்துகிறவர்களும் இல்லை. கட்டளையிடுகிறவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.